ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுதலை நேரில் பார்ப்பது எப்படி? ஒரு நாள் பயணத்துக்கான முழுமையான வழிகாட்டி

ராக்கெட் கிளம்பும்போது முதலில் வெளிச்சம்தான் வருகிறது. மரவரிசைக்கு அப்பால் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ பொங்கி எழுகிறது, கூட்டம் ஆர்ப்பரிக்கிறது, வெள்ளைப் புகைத்தூணின் உச்சியில் ராக்கெட் ஏறிக்கொண்டிருக்கிறது. அதன் ஓசை மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. பல நொடிகள் கழித்துத்தான் வருகிறது, கனத்த தார்ப்பாயை யாரோ விடாமல் கிழிப்பதுபோல. நான் முதல்முறை போனபோது எனக்கு முன்னால் ஒரு சிறுமி இரும்புத் தடுப்பின் மேல் கை வைத்து நின்றிருந்தாள். ஓசை வந்து சேர்ந்ததும் சட்டென்று கையை எடுத்துத் தன் உள்ளங்கையையே பார்த்தாள். கம்பி அதிர்ந்திருக்கிறது. பிறகு இரண்டு கைகளாலும் அந்தக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

தொலைக்காட்சியில் எத்தனை முறை பார்த்தாலும் அந்த அதிர்வு வீட்டுக்கு வராது. அதற்காகத்தான் இந்தப் பயணம். ஆனால் கண்ணால் ராக்கெட்டைப் பார்க்கக் கிடைப்பது இரண்டு, மூன்று நிமிடங்களே. அந்த நிமிடங்களுக்காக ஒரு முழு நாளைத் திட்டமிட வேண்டியிருக்கிறது. திட்டம் சரியாக இல்லையென்றால் வாகன நெரிசலிலோ, சீட்டைத் தேடும் பதற்றத்திலோ, கைபேசித் திரையிலோ அந்த நிமிடங்கள் போய்விடும். சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புவதை வைத்து இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறேன். வேறு ஊரிலிருந்து வருபவர்கள் முதல் நாள் இரவே சென்னைக்கோ சூலூர்பேட்டைக்கோ வந்துவிடுவது நல்லது.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்ரீஹரிகோட்டா ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில் இருக்கும் ஒரு தீவு. கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே பழவேற்காடு ஏரி. சென்னையிலிருந்து சாலை வழியாக ஏறக்குறைய 100 கிலோமீட்டர். தீவுக்குப் போகும் வழியில் இருக்கும் ஊர் சூலூர்பேட்டை. அங்கேதான் ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து ஏரிக்குக் குறுக்கே போட்ட சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் போனால், இஸ்ரோ ராக்கெட்டுகளை ஏவும் சதீஷ் தவான் விண்வெளி மையம்.

இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கிழக்கே திறந்த கடல் இருப்பதால், எரிந்து முடிந்த பகுதிகள் ஆளில்லாத நீரில் விழும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் பூமியின் சுழற்சி ராக்கெட்டுக்கு உதவுகிறது. நீங்கள் அந்தத் தீவில் சும்மா நிற்கும்போதே பூமி உங்களை நொடிக்கு சுமார் 450 மீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிக் கொண்டு போய்க்கொண்டிருக்கிறது. கிழக்கே ஏவப்படும் ராக்கெட்டுக்கு அந்த வேகம் இலவசமாகக் கிடைக்கிறது.

1971 அக்டோபர் 9 அன்று ஆர்எச்-125 என்ற சிறிய ஆய்வு ராக்கெட்டுடன் இங்கே பணி தொடங்கியது. 1979 ஆகஸ்ட் 10 அன்று, செயற்கைக்கோளைச் சுமந்து ஏவப்பட்ட முதல் எஸ்எல்வி-3 ராக்கெட் கடலில் விழுந்தது. அப்துல் கலாம் அதன் திட்ட இயக்குநராக இருந்தார். அடுத்த ஆண்டு ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. 2025 ஜனவரி 29 அன்று, விடிந்தும் விடியாத 6.23 மணிக்கு, இந்த மையம் தன் நூறாவது ஏவுதலைச் செய்தது. குழந்தைகளை அழைத்துப் போகிறீர்கள் என்றால் சந்திரயான் கதையை மட்டும் சொல்லாமல், கடலில் விழுந்த அந்த முதல் எஸ்எல்வியைப் பற்றியும் சொல்லுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட அந்தக் கதைதான் அவர்கள் மனதில் நிற்கிறது.

படி 1: எந்த ராக்கெட் என்று பாருங்கள்

எல்லா ஏவுதலும் ஒரே மாதிரி இருக்காது. நாள் குறிப்பதற்கு முன்னால் ராக்கெட்டின் பெயரைப் பாருங்கள்.

இதுவரை அதிக முறை பறந்தது பிஎஸ்எல்வி. உயரம் 44 மீட்டர், எடை சுமார் 320 டன். முதல் கட்டம், அதாவது முதலில் எரியும் அடிப்பகுதி, திட எரிபொருளில் இயங்குவதால் சுடர் மிகப் பிரகாசமாகவும் புகை அடர்த்தியாகவும் இருக்கும். முதல்முறை பார்ப்பவர்களுக்கு இதுவே போதுமானது. 2008-இல் சந்திரயான்-1, 2013-இல் மங்கள்யான், 2023 செப்டம்பர் 2 அன்று ஆதித்யா-எல்1 எல்லாம் இதில்தான் போயின. 2017 பிப்ரவரி 15 அன்று ஒரே பயணத்தில் 104 செயற்கைக்கோள்களைக் கொண்டு போனதும் இதுதான்.

ஜிஎஸ்எல்வி கொஞ்சம் வித்தியாசமானது. அதன் பக்கவாட்டில் கூடுதல் உந்துதலுக்காகப் பொருத்திய நான்கு திரவ எரிபொருள் பூஸ்டர்கள், கவுண்ட்டவுன் பூஜ்யத்தைத் தொடுவதற்கு ஐந்து நொடிக்குச் சற்றுக் குறைவான நேரத்துக்கு முன்பே எரியத் தொடங்கிவிடும். நடுவில் இருக்கும் திட எரிபொருள் கட்டம் பூஜ்யத்தில்தான் பற்றும். தெரியாதவர்கள் "முன்னாலேயே கிளம்பிவிட்டதே" என்று திகைப்பார்கள்.

பார்த்தே ஆகவேண்டியது எல்விஎம்-3. எடை 640 டன். சந்திரயான்-2, சந்திரயான்-3 இரண்டையும் சுமந்தது இதுதான். இரண்டு பக்கமும் ஒவ்வொன்றும் சுமார் 200 டன் திட எரிபொருள் கொண்ட பூஸ்டர்கள் ஒரே கணத்தில் பற்றுகின்றன. இத்தனை கனமான ஒன்று தரையை விட்டு எழும்புவதைப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு போங்கள். தயங்காதீர்கள்.

எஸ்எஸ்எல்வி சிறியது, சுமார் 120 டன். அதைப் பார்க்கவும் போகலாம். ஆனால் தொலைவிலிருந்து குடும்பத்தோடு வருபவர்களுக்கு இதை முதல் ஏவுதலாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

நேரமும் முக்கியம். பகலில் புகைத்தூணின் வடிவம் முழுதாகத் தெரியும். இரவில் சுற்றுப்புறமே சில நொடிகள் பகலாகிவிடும், ஆனால் ராக்கெட்டின் உடல் தெரியாது. சுடர் மட்டும்தான். விடியலையோ அந்தியையோ ஒட்டி ஏவப்படுவதுதான் எல்லாவற்றிலும் அழகு. தரையில் இருட்டாக இருக்கும்போதே ராக்கெட் மேலே சூரிய வெளிச்சத்துக்குள் நுழைந்துவிடும். அப்போது புகை முழுவதும் ஒளிரத் தொடங்கும்.

மாதத்தையும் கவனியுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். ராக்கெட் தாழ்ந்த மேகத்துக்குள் பத்தே நொடியில் மறைந்துவிடலாம். ஏப்ரல், மே மாத வெயில் முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ஏற்றதல்ல. என்னைக் கேட்டால் ஜனவரி, பிப்ரவரிதான் சிறந்த மாதங்கள். ஏரியில் பறவைகளும் இருக்கும்.

படி 2: பதிவு

பொதுமக்களுக்கான பார்வையாளர் மாடம் 2019-இல் திறக்கப்பட்டது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று நடந்த பிஎஸ்எல்வி-சி45 ஏவுதலைத்தான் முதன்முதலாக மக்கள் அங்கிருந்து பார்த்தார்கள். சுமார் 5,000 பேர் அமரலாம். ஒவ்வொரு ஏவுதலுக்கும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பதிவு எப்போது திறக்கும் என்பதை இஸ்ரோ தன் இணையதளத்திலும் சமூக ஊடகப் பக்கங்களிலும் ஏவுதலுக்குச் சில நாட்களுக்கு முன்னால் சொல்லும். பதிவு நடப்பது சதீஷ் தவான் விண்வெளி மையத்தின் சொந்த இணையதளத்தில். இடைத்தரகர் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.

இடங்கள் வேகமாகத் தீர்ந்துவிடுகின்றன. பதிவு திறக்கும் நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே கணினி முன் உட்காருங்கள். வருபவர்கள் எல்லாருடைய பெயர், வயது, அடையாள அட்டை எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நேரம் வீணாவது இங்கேதான். பக்கம் திறந்த பிறகு அத்தையின் ஆதார் எண்ணைக் கேட்டுத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தால் இடம் போய்விடும். பெயரை அட்டையில் இருப்பதுபோல எழுத்து மாறாமல் கொடுங்கள்.

அறிவிப்பு வருவதற்கு முன்பே ஏவுதல் நெருங்குகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. விமானிகளுக்கும் கப்பல்களுக்கும் வங்காள விரிகுடாவின் குறிப்பிட்ட பகுதியைத் தவிர்க்கச் சொல்லும் எச்சரிக்கை முன்கூட்டியே வெளியாகும். விண்வெளி ஆர்வலர்கள் அதைக் கவனித்துச் சமூக ஊடகங்களில் பகிர்ந்துகொள்கிறார்கள். அதை வைத்து விடுப்புக்குச் சொல்லி வைக்கலாம். பயண டிக்கெட் எடுக்க மட்டும் இஸ்ரோவின் அறிவிப்பு வரும்வரை பொறுங்கள்.

உறுதிச் சீட்டு வந்ததும் அதிலுள்ள விதிகளை ஒரு வரி விடாமல் படியுங்கள். எந்த நுழைவாயில், எத்தனை மணிக்குள் வரவேண்டும், எதை எடுத்து வரக்கூடாது என்பதெல்லாம் அந்தந்த ஏவுதலுக்கான சீட்டில்தான் இருக்கும். போன தடவை போன நண்பர் சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள். இந்த வளாகத்தைக் காப்பது மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை. "தெரியாது" என்ற பதில் அங்கே எடுபடாது.

படி 3: தள்ளிப்போகலாம் என்ற கணக்கோடு திட்டமிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ராக்கெட் அன்றைக்குக் கிளம்பாமலும் போகலாம்.

2019 ஜூலை 15 அன்று அதிகாலை 2.51 மணிக்குச் சந்திரயான்-2 கிளம்புவதாக இருந்தது. நள்ளிரவில் ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். 56 நிமிடங்கள் மிச்சமிருக்கையில் கவுண்ட்டவுன் நின்றது. ஏழு நாள் கழித்து, ஜூலை 22 பிற்பகல் 2.43-க்குத்தான் அது பறந்தது. 2024 டிசம்பர் 4 அன்று ஐரோப்பாவின் புரோபா-3 செயற்கைக்கோள்களில் குறை தெரிந்ததால் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தபோது நிறுத்தினார்கள். அது மறுநாள் போனது.

எதிர்மாறாகவும் நடக்கும். 2023 அக்டோபர் 21 அன்று, மனிதர்களை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்காக, ஆபத்தில் வீரர்கள் தப்பிக்கும் அமைப்பின் சோதனை காலை 8 மணிக்கு நடப்பதாக இருந்தது. வானிலையால் 8.45 வரை தள்ளிப்போனது. பிறகு கடைசி ஐந்து நொடியில் கணினி தானாகவே நிறுத்திவிட்டது. அவ்வளவுதான் என்று எழுந்து போனவர்கள் வருந்தியிருப்பார்கள். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து 10 மணிக்கு ஏவிவிட்டார்கள். ஆகவே, "இன்று இல்லை" என்று ஒலிபெருக்கியில் தெளிவாகச் சொல்லும்வரை இடத்தை விட்டு எழாதீர்கள்.

ஏன் நிறுத்துகிறார்கள் என்று புரிந்துகொண்டால் ஏமாற்றம் கொஞ்சம் குறையும். திட எரிபொருள் பற்றிவிட்டால் அணைக்க முடியாது. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள அவர்களுக்கு இருக்கும் நேரமெல்லாம் பூஜ்யத்துக்கு முன்னால் இருப்பதுதான்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? மறுநாளும் விடுப்பு எடுக்க முடிகிற நாளாகப் பாருங்கள். ரத்து செய்யக்கூடிய வாகனத்தையும் தங்குமிடத்தையும் தேர்ந்தெடுங்கள். வெளியூர் விமானத்தை அன்று இரவே பிடிக்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். ஏவுதல் இல்லாவிட்டாலும் அந்த நாளுக்கு ஒரு பயன் இருக்கும்படி ஏரி, பறவைகள், கோயில் என்று இன்னொரு திட்டத்தையும் தயாராக வைத்திருங்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

படி 4: முந்தைய நாள் வீட்டுப்பாடம்

ஒவ்வொரு ஏவுதலுக்கும் இஸ்ரோ ஒரு கையேட்டைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. அதில் எந்த நொடியில் என்ன நடக்கும் என்று ஓர் அட்டவணை இருக்கும். அதிலிருந்து நான்கைந்து எண்களை மட்டும் ஒரு சிறிய அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த அட்டை கையில் இருந்தால் மாடத்தில் நிற்பவர்களில் நீங்கள் மட்டும் வேறொரு காட்சியைப் பார்ப்பீர்கள்.

பக்கவாட்டில் ஆறு பெரிய பூஸ்டர்கள் கொண்ட பிஎஸ்எல்வி என்றால், தரையிலேயே நான்கு பற்றிவிடும். மீதி இரண்டு சுமார் 25-வது நொடியில் வானத்தில் பற்றும். முதல் நான்கும் 70-வது நொடியை ஒட்டிக் கழன்று விழும். முதல் கட்டம் சுமார் 110-வது நொடியில் பிரியும். எல்விஎம்-3 என்றால் நடுவில் இருக்கும் திரவக் கட்டம் தரையில் பற்றாது. சந்திரயான்-3 பறந்தபோது அது 108-வது நொடியை ஒட்டித்தான் வானத்தில் எரியத் தொடங்கியது. 127-வது நொடியில் இரண்டு பெரிய பூஸ்டர்களும் பிரிந்தன. வானம் தெளிவாக இருந்தால் பைனாகுலரில் அந்தப் பிரிவைப் பார்க்கலாம்: நடுவில் ஒரு புள்ளி முன்னேறுகிறது, இரண்டு பொறிகள் பின்தங்குகின்றன.

படி 5: எப்படிப் போவது

ரயிலில் போவதென்றால், சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வழியாகச் செல்லும் புறநகர் மின்சார ரயில்களில் சில சூலூர்பேட்டை வரை போகின்றன. பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். கால அட்டவணையில் கடைசி நிலையத்தின் பெயரைப் பார்த்து ஏறுங்கள். பயணம் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ரயில்கள் குறைவாகவே இருப்பதால் திரும்பி வரும் ரயிலின் நேரத்தையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். சூலூர்பேட்டையிலிருந்து தீவுக்கு பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போகலாம். ஆட்டோ என்றால் திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள். ஏவுதல் முடிந்ததும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஆட்டோ வேண்டியிருக்கும்.

காரில் போவதென்றால் கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா வழியாகச் சூலூர்பேட்டை. சாலை நன்றாக இருக்கிறது. ஆனால் சென்னையை விட்டு வெளியேறும் பகுதியில் லாரிகள் அதிகம். சாதாரண நாளில் இரண்டரை மணி நேரம் ஆகும் பயணத்துக்கு ஏவுதல் நாளில் நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். தீவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரே சாலைதான். ஒரு வாகனம் பழுதாகி நின்றால் பின்னால் வரும் அத்தனையும் நிற்கும். பெட்ரோலைச் சூலூர்பேட்டைக்கு முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள், சாப்பாட்டையும் சூலூர்பேட்டையிலேயே முடித்துவிடுங்கள்.

காலை 10 மணி ஏவுதலுக்கு என் கணக்கு இப்படி: 4 மணிக்குச் சென்னையில் கிளம்பினால் 6.30, 7 மணிக்குச் சூலூர்பேட்டை. இட்லி சாப்பிட்டு, கழிப்பறை போய்விட்டு, 7.30-க்கு ஏரிச் சாலையில் ஏறிவிட வேண்டும். சீட்டில் இதைவிட முன்னதாக வரச் சொல்லியிருந்தால் அதன்படியே போங்கள்.

படி 6: எதைக் கொண்டு போவது

சீட்டின் அச்சுப் பிரதி, எல்லாருடைய அசல் அடையாள அட்டை, தொப்பி, தண்ணீர், முதியவர்களின் மருந்து, அனுமதி இருந்தால் பைனாகுலர். சீட்டைக் கைபேசியில் மட்டும் வைத்திருக்காதீர்கள். ஆயிரக்கணக்கானோர் ஓரிடத்தில் கூடும்போது இணைய இணைப்பு தடுமாறும். டிரோன் எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

படி 7: மாடத்தில்

சீக்கிரம் வந்துவிட்டால் மாடத்தை ஒட்டியுள்ள ராக்கெட் தோட்டத்தையும் விண்வெளி அருங்காட்சியகத்தையும் பாருங்கள். ராக்கெட்டின் கீழே நின்று அண்ணாந்து பார்த்த பிறகுதான் 44 மீட்டர் என்ற எண்ணுக்குப் பொருள் வருகிறது.

இருக்கையில் அமர்ந்ததும் ஏவுதளம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே இரண்டு ஏவுதளங்கள் இருக்கின்றன. தவறான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் முதல் நான்கு நொடிகள் கழுத்தைத் திருப்புவதிலேயே போய்விடும். மாடத்தில் பெரிய திரைகள் உண்டு. கவுண்ட்டவுனையும் பற்றும் கணத்தையும் திரையில் பார்க்கலாம். பூஜ்யம் வந்ததும் வானத்துக்கு மாறிவிடுங்கள்.

கைபேசியைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். என் முதல் ஏவுதலை நான் முழுக்க முழுக்கப் படம் எடுத்தேன். அந்தப் படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி நடுங்கிக்கொண்டே ஏறுகிறது, பின்னணியில் என் மனைவியின் குரல் கேட்கிறது. அவளுக்கு அந்த நாள் நினைவிருக்கிறது. எனக்கு அந்தப் படம்தான் நினைவிருக்கிறது. இஸ்ரோ அதைவிட நூறு மடங்கு தெளிவாகப் படம் எடுத்து வெளியிடுகிறது. எடுக்கத்தான் வேண்டும் என்றால் கைபேசியைத் திருப்பி, வானத்தைப் பார்க்கும் உங்கள் பெற்றோரின் முகத்தைப் படம் எடுங்கள். அதை வேறு யாரும் எடுக்கப் போவதில்லை.

சுடர் தெரிந்ததும் குழந்தைகளை உரக்க எண்ணச் சொல்லுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று... ஓசை வந்து சேரும்வரை எண்ண வேண்டும். ஓசை ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று நொடி எடுத்துக்கொள்ளும். எண்ணியதை மூன்றால் வகுத்தால் ராக்கெட் எத்தனை கிலோமீட்டருக்கு அப்பால் கிளம்பியது என்று தெரிந்துவிடும். இந்தக் கணக்கைப் போட்ட குழந்தை அதை வாழ்நாளில் மறக்காது. பள்ளியில் இடியையும் மின்னலையும் பற்றிப் படிக்கும்போது கையைத் தூக்கும்.

ஓசைக்குப் பயப்படும் குழந்தைகளை முன்னாலேயே தயார்ப்படுத்துங்கள். வெடிச்சத்தம்போல ஒரேயடியாக வராது. தொலைவில் தொடங்கி, படபடவென்று தடித்து, நெஞ்சுக்குள் உணரும் அளவுக்கு ஏறி, மெல்லத் தேய்ந்துபோகும். காதைப் பொத்திக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்தால் போதும்.

இரண்டு நிமிடம் கழிந்ததும் பாதிப் பேர் எழுந்து வாசலை நோக்கி நடப்பார்கள். நீங்கள் உட்காருங்கள். செயற்கைக்கோள் இன்னும் பிரியவில்லை. பிஎஸ்எல்வியிலும் எல்விஎம்-3-இலும் பல பயணங்களில் அது நடப்பது பதினைந்து, இருபது நிமிடம் கழித்துத்தான். கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒவ்வொரு கட்டமாக அறிவித்துக்கொண்டே வருவார்கள். திரையில் கோடு திட்டமிட்ட பாதையை ஒட்டிப் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். செயற்கைக்கோள் பிரிந்ததும் கட்டுப்பாட்டு அறையில் ஒருவரையொருவர் கட்டிக்கொள்ளும் அந்தப் பொறியாளர்கள் பல ஆண்டு உழைப்பு முடிந்த கணத்தில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் உங்களிலிருந்து சில கிலோமீட்டரில்தான் இருக்கிறார்கள். அந்தக் கைதட்டலில் நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள். சில சமயம் அந்த அறை அமைதியாகிவிடும். அதுவும் நடக்கக்கூடியதுதான். 2025 மே 18 அன்று காலை கிளம்பிய பிஎஸ்எல்வி-சி61 கண்ணுக்கு எந்தக் குறையும் இல்லாமல்தான் மேலே போனது. கண்ணுக்கு எட்டாத உயரத்தில் மூன்றாம் கட்டத்தில் கோளாறு ஏற்பட்டு முடிந்துபோனது.

சீட்டு கிடைக்காதவர்களுக்கு

மனம் தளர வேண்டாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் பழவேற்காடு இருக்கிறது. ஏவுதளத்திலிருந்து 30 கிலோமீட்டருக்கும் மேல் என்பதால் ராக்கெட் கிளம்பும் கணம் தெரியாது. சில நொடிகளில் வடக்கே அடிவானத்துக்கு மேல் சுடர் எழும்பும். ஓசை வர ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் ஆகும், வந்தாலும் தூரத்து உறுமலாகத்தான் இருக்கும். அன்று மீனவர்களைக் கடலுக்குப் போகவேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவர்களிடம் எங்கே நின்றால் நன்றாகத் தெரியும் என்று கேளுங்கள். அவர்களைவிட அதிக ஏவுதல்களைப் பார்த்தவர்களைக் கண்டுபிடிப்பது கடினம். காத்திருக்கும் நேரத்தில் 17-ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்கலாம்.

சென்னையிலேயே இருப்பவர்களுக்கு மொட்டைமாடி போதும், முக்கியமாக இரவு ஏவுதல்களுக்கு. வடக்கே பார்த்து நில்லுங்கள். துருவங்களுக்கு மேலாகப் பூமியைச் சுற்றும் பாதைக்குப் போகும் பிஎஸ்எல்வி இலங்கைக்கு மேலே பறப்பதைத் தவிர்க்க, முதலில் தென்கிழக்காகப் போய்ப் பிறகுதான் தெற்கே திரும்பும். ஆகவே வடக்கே தோன்றி வலப்பக்கம், கடலின் மேலாக நகரும். இந்தச் சுற்றுவழியில் செலவாகும் எரிபொருளை மிச்சப்படுத்தத்தான் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளம் கட்டுகிறார்கள். 2024 பிப்ரவரி 28 அன்று அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். அது செயல்படத் தொடங்கும் நாளில் தென்மாவட்ட மக்களுக்கு இந்த அனுபவம் வீட்டருகே கிடைக்கும்.

படி 8: திரும்பும் வழி

உடனே கிளம்பாதீர்கள். வந்த அத்தனை பேரும் அந்த ஒரே சாலையில்தான் வெளியேற வேண்டும். முக்கால் மணி நேரம் பொறுத்தால் நெரிசல் குறைந்துவிடும்.

ஏரிச் சாலையில் திரும்பும்போது சன்னல் ஓரமாக உட்காருங்கள். மழைக்காலத்துக்குப் பிறகு இரண்டு பக்கமும் நீர், கோடையில் வெடித்துக் காய்ந்த சேறு. பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக ஆழமற்ற நீரில் நின்று, தலையைக் கவிழ்த்து அலகால் சேற்றைத் துழாவிக்கொண்டிருக்கும். வாகனத்தைச் சாலை நடுவே நிறுத்தாமல், காவலர்கள் அனுமதிக்கும் இடத்தில் மட்டும் நிறுத்திப் பாருங்கள்.

இன்னும் நேரம் இருந்தால், சூலூர்பேட்டைக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் நேலப்பட்டு பறவைகள் சரணாலயம் இருக்கிறது. கூழைக்கடாக்கள் நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் இடம். அக்டோபர் முதல் மார்ச் வரை போகலாம். சூலூர்பேட்டையிலேயே செங்காளம்மா பரமேஸ்வரி கோயில் உண்டு. ஏவுதலுக்கு முன்னால் இஸ்ரோ தலைவர்கள் வந்து வழிபட்டுப் போகும் கோயில் இதுதான். ஏவுதல் தள்ளிப்போன நாளில் இந்த மூன்றையும் பார்த்துவிட்டு மாலை ரயிலைப் பிடிக்கலாம்.

ரயிலில் வருபவர்கள் நிலையத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுங்கள். நடைமேடையில் கூட்டம் இருக்கும், உட்கார இடம் கிடைப்பது சிரமம். கும்மிடிப்பூண்டியில் இறங்கி வேறு ரயில் மாறினால் இடம் கிடைக்கும். சென்னை போய்ச் சேரும் வரை குழந்தைகள் பத்திலிருந்து பூஜ்யம் வரை எண்ணிக்கொண்டே வருவார்கள்.